ஒன்பது நிமிட அலுவலகம்

நாலு பேர் கூடிக் கைதட்டிப் பாராட்டிய நாளில், யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியாமல் நீங்கள் வீடு திரும்பியதுண்டா? இல்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அல்லது உங்களை யாரும் இன்னும் சரியான கேள்வி கேட்கவில்லை.

நான் சொல்லப்போகிற பெண்ணுக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது. மாகாண அரசின் சேவை மையம் ஒன்றில், வாசலை ஒட்டிய சின்ன மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது அவர் வேலை. பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, முதியோர் உதவித்தொகை, எதற்கு வந்தாலும் முதலில் அவரிடம்தான் வர வேண்டும். அதனால் எல்லோருக்கும் அவர் டோக்கனம்மா. வேலையில் சேர்ந்து பல வருடம் ஆகியும் அவர் தற்காலிக ஊழியர்தான். நிரந்தரமாகத் தற்காலிகம்.

மனிதர்களைப் பிடிக்கும் அவருக்கு. "கண்ணாடியை மறந்து வெச்சுட்டு வந்துட்டேம்மா, கொஞ்சம் எழுதிக் குடேன்" என்று சொல்லும் ஆண்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். "நானும் அடிக்கடி மறந்துடுவேன் ஐயா" என்று சொல்லி விண்ணப்பத்தை வாங்கி எழுதுவார். பெயரைக்கூட எழுதத் தெரியாதவரின் மானத்தை இவ்வளவு மென்மையாகக் காப்பாற்றத் தெரிந்த ஒருவர் என்ன செய்தார் என்பதுதான் கதை.

அந்த மையத்துக்கு ஒரு திட்டம் வந்தது. மாகாண அரசுகள் மக்களுக்குச் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்ய உதவும் திட்டம். தலைநகரிலிருந்து ஆலோசகர் வந்தார். நாற்காலிகள் வந்தன. மின்விசிறிகள் வந்தன, அவை சுற்றவும் செய்தன. டோக்கன் அச்சடிக்கும் இயந்திரம் வந்தது. டோக்கன் வெளியே வரும் நொடியில் இயந்திரத்துக்குள் நேரம் ஓடத் தொடங்கும். கவுண்டரில் அந்த எண்ணைக் கூப்பிட்டதும் நிற்கும். மாகாணத்தின் எல்லா மையங்களிலும் மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பது தலைநகரில் ஒரு திரையில் தெரியும்.

நல்ல யோசனை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. ஏழை நிற்கும் நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்று ஓர் அரசு நினைத்தது. அளந்து பார்க்கவும் துணிந்தது. ஆனால் மையத்துக்குத் தேவைப்பட்டது ஆள், வந்தது நாற்காலி. இரண்டே எழுத்தர்கள் எவ்வளவுதான் ஓடுவார்கள்? திரையில் அந்த மையம் மாதக்கணக்கில் சிவப்பாகவே இருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் மேலாளர் தலைகுனிந்து திட்டு வாங்கிவிட்டு வந்தார்.

பிறகு ஒருநாள் டோக்கன் காகிதச் சுருள் தீரும் நிலைக்கு வந்தது. புதுச் சுருள் தலைநகரிலிருந்து வர வேண்டும். டோக்கன் வாங்கிவிட்டுப் பாதியில் எழுந்து போகிறவர்களால் காகிதம் வீணாகிறதே என்று, டோக்கனம்மா எல்லோரையும் வெளியே நிற்க வைத்தார். ஒரு கவுண்டர் காலியாகப் போகிறது என்றால் மட்டும் ஓர் ஆளை உள்ளே கூப்பிட்டு டோக்கன் கொடுத்தார். சிக்கனம், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஆலோசகர் தொலைபேசியில் கூப்பிட்டார். மேலாளரின் அறைக்கு வெளியே வரை அவர் குரல் கேட்டது.

"சார், பின்னிட்டீங்க! ஒரு மணி நேரமா இருந்தது பத்து நிமிஷத்துக்கு வந்துடுச்சே! என்ன சார் மந்திரம் போட்டீங்க?"

"அது… ஊழியர்களோட ஒத்துழைப்பு சார்," என்றார் மேலாளர். தொலைபேசியை வைத்துவிட்டு டோக்கனம்மாவைக் கூப்பிட்டார். "ஏம்மா, நாம என்ன பண்ணோம்?"

"பேப்பர் தீரப்போகுது சார்."

மேலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியே வெளியே நிற்கும் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "புதுச் சுருள் வந்தாலும் இப்படியே இருக்கட்டும்மா," என்றார்.

யாரும் சதி செய்யவில்லை, பாருங்கள். அநியாயத்துக்கு எப்போதும் கொம்பு முளைத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டுக்கு 'வெளி வரிசை' என்று பெயர் வந்தது. வாசலில் கூட்டம் தெரிந்தால் அழகாக இல்லை என்பதால் வரிசை கட்டடத்தின் பின்புறம் போனது. ஊழியர்களின் வண்டிகள் நிற்கும் தகரக் கொட்டகைக்குள். வண்டிகளுக்கு நடுவே மனிதர்கள் நின்றார்கள். உள்ளே நாற்காலிகள் காலியாக இருந்தன. மின்விசிறிகள் அந்த நாற்காலிகளுக்குக் காற்று வீசின.

டோக்கனம்மாவுக்கு உறுத்தவில்லையா? "உறுத்துச்சு. ஆனா உள்ள சத்தம் இல்ல, சண்டை இல்ல, எழுத்தருங்க நிம்மதியா வேலை பாத்தாங்க. இதுவும் நல்லதுதானேன்னு நெனச்சேன்," என்றார் என்னிடம். நாளடைவில் அதில் ஒரு கைத்திறனே வந்துவிட்டது. எழுத்தர் பேனாவை மூடும் விதத்தை வைத்தே அடுத்த ஆளைக் கூப்பிடும் நேரம் அவருக்குத் தெரிந்தது. சராசரி ஒன்பது நிமிடத்துக்கு இறங்கியது. வாசலில் பெரிய பலகை வைத்தார்கள்: 'இங்கே உங்கள் காத்திருப்பு ஒன்பது நிமிடம்.' நாள்தோறும் அதைக் கடந்து போனதில், எழுதியவர்களே அதை நம்பத் தொடங்கினார்கள்.

அவருக்கு ஓர் அக்கா. துணி ஆலையில் தைப்பவர்; ஒருநாள் விடுப்பு எடுத்தாலும் சம்பளம் போகும். அக்கா மகளுக்குச் செவிலியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் படிப்பை இவ்வளவு தூரம் கொண்டுபோன முதல் பெண் அவள். இந்த ஊரில்தான் குடியிருக்கிறாள் என்று காட்டும் வதிவிடச் சான்று மட்டும் பாக்கி. கடைசி நாளன்று மாலை நான்கு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

"எங்க ஆபீசுக்கு வா. ஒன்பது நிமிஷம்," என்றார் டோக்கனம்மா பெருமையாக. "ஆனா என் பேரைச் சொல்லிக்கிட்டு மட்டும் வராதக்கா. அங்க எல்லாரும் ஒண்ணுதான்."

"ஒன்பது நிமிஷத்துக்கு சிபாரிசு வேறயாடி? போடி இவளே," என்று அக்கா சிரித்தார்.

ஒன்பது நிமிடம்தானே என்று, ஆலையில் கேட்டுக் கெஞ்சி, கடைசி நாளுக்கு மட்டும் அக்கா விடுப்பு வாங்கினார். காலையில் சான்று, மதியம் கல்லூரி என்று கணக்கு. சொந்தத் தங்கை சொன்ன கணக்கு. வாசலில் பலகையும் அதையே சொன்னது.

அதே நாளில்தான் மையத்துக்கு விருந்தாளிகள் வந்தார்கள். மாகாணத்தின் முன்மாதிரி மையத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள, வேறு மாகாணங்களின் அதிகாரிகள். டோக்கனம்மா ஒலிபெருக்கியில் பேச வேண்டும். நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம். மற்ற மையங்களுக்குப் போய்ப் பயிற்சியும் கொடுக்கலாம். கைப்பேசியை அணைத்து இழுப்பறையில் போட்டார். காவலாளியிடம் அவரே சொன்னார்: "அவங்க சாப்பிடப் போற வரைக்கும் கொட்டகைக் கதவைத் தொறக்காதீங்க. கேட்டா, அஞ்சு நிமிஷம்னு சொல்லுங்க."

காவலாளி காலை முழுவதும் அஞ்சு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே ஓர் அதிகாரி அம்மா கேட்டார்: "எங்க மையத்துல தெரு வரைக்கும் கூட்டம் நிக்கும். இங்க யாரையுமே காணோமே, எப்படிம்மா?"

"டோக்கன் முறைதான் மேடம் காரணம்," என்றார் டோக்கனம்மா. கைதட்டல் எழுந்தது. மையத்துக்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள்.

அக்காவையும் மகளையும் காலையிலேயே காவலாளி கொட்டகைக்கு அனுப்பியிருந்தார். அங்கே நடந்த பேச்சை மகள் பிறகு சொன்னாள்.

"உள்ள என்னப்பா கைதட்டுறாங்க?"

"வேலை வேகமா நடக்குதாம். அதுக்குப் பரிசாம்."

"யாருக்கு?"

"நமக்கா குடுப்பாங்க? காலை மிதிக்காம நில்லு."

ஒரு பெரியவர், எல்லாம் நம் தலையெழுத்து என்று பெருமூச்சு விட்டாராம். இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐயா, உங்கள் தலையில் யாரும் எதையும் எழுதவில்லை. கதவை மூடச் சொன்னது மனிதர்கள். கைகால் உள்ள, மதியம் பசிக்கிற மனிதர்கள்.

அக்கா ஒருமுறை தங்கையைக் கைப்பேசியில் கூப்பிட்டுப் பார்த்தார். அணைந்திருந்தது. மகள் தகரத்தைத் தட்டி, "சித்தி!" என்று கத்தப் போனாள். அக்கா அவள் வாயைப் பொத்தினார். "அது உன் சித்தி குரல்தான்டி. மைக்ல பேசுறா. இன்னைக்கு அவளுக்கு முக்கியமான நாள், கெடுத்துடாத."

பேச்சு நீண்டு, மதியம் மூன்று மணியை ஒட்டி விருந்தாளிகள் சாப்பிடப் போனதும்தான் கதவு திறந்தது. டோக்கனம்மா வேகமாக டோக்கன்களை அடித்து நீட்டினார். ஒரு கை அதை வாங்காமல் அவர் விரல்களைப் பிடித்தது. நிமிர்ந்தால் அக்கா. தகரச் சூட்டில் முகம் கறுத்து, புடவை உடம்போடு ஒட்டியிருந்தது.

"நல்லாப் பேசுனடி," என்றார் அக்கா. "வேலை நிரந்தரம் ஆயிடும்ல?"

சான்று உடனே கிடைத்தது. கூடவே ஒரு ரசீது. அக்கா மகள் அதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "சித்தி, இதுல காத்திருந்த நேரம் ஏழு நிமிஷம்னு போட்டிருக்கு. அப்ப காலையிலேருந்து நாங்க எங்க இருந்தோம்?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் உண்மையாகவே கேட்டாள்.

மேசையை அப்படியே போட்டுவிட்டு டோக்கனம்மாவும் அவர்களோடு ஓடினார். கல்லூரி இருந்தது அடுத்த ஊரில். போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி தாண்டி, ஜன்னல் மூடியிருந்தது. உள்ளே இருந்த எழுத்தர் இரக்கப்பட்டார். "நாளைக்குக் காலையில இந்த இடம் அடுத்த பொண்ணுக்குப் போயிடும். காலையிலேயே உங்க ஆபீசுக்கு வந்து காத்திருந்தாங்க, தாமதம் எங்களோடதுன்னு உங்க மேலாளர் எழுதிக் குடுத்தா, முதல்வரம்மாகிட்ட பேசிப் பாக்கலாம்."

ஒரே ஒரு வரி உண்மை போதும். டோக்கனம்மா திரும்பி வந்து மேலாளர் முன் நின்றார்.

"எழுதலாம்மா," என்றார் அவர். "எழுதினா நம்ம ஒன்பது நிமிஷம் என்ன ஆகும்? இப்பதான் கேடயம் வாங்கினோம்."

"அந்தப் பொண்ணோட படிப்பு சார்."

"இயந்திரத்துல மதியம் வந்ததாத்தானே இருக்கு? நான் பொய் எழுத முடியுமா?"

உண்மையை எழுதுவது பொய்யாகிவிட்டது. அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

மறுநாள் காலை டோக்கனம்மா தானே எழுதி, தன் கையெழுத்தைப் போட்டு எடுத்துப் போனார். டோக்கனைக் கொடுக்காமல் வைத்திருந்தது நான், கதவை மூடச் சொன்னது நான் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். கல்லூரி முதல்வர் பொறுமையாகப் படித்தார். ரசீதையும் பார்த்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

"சித்தி."

"உங்க ஆபீஸ் பேப்பர்ல ஏழு நிமிஷம்னு இருக்கு. அரசாங்கம் அளந்ததை நம்பட்டுமா, சித்தி எழுதினதை நம்பட்டுமா? நீங்களே சொல்லுங்க."

அந்த ஏழு நிமிடத்தைத் தயாரித்தது டோக்கனம்மாவின் கைதான். இடம் அடுத்த பெண்ணுக்குப் போனது. அக்கா மகள் இப்போது ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். அக்கா ஒரு சொல் சுடச் சொல்லவில்லை. "அதுதான் என்னைக் கொல்லுது. நாலு அறை அறைஞ்சிருக்கலாம்," என்கிறார் டோக்கனம்மா.

அடுத்த வாரம் அவர் யாரையும் கேட்காமல் மேசையையும் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு போய் வெளி வாசலில் போட்டார். வருகிறவர் உள்ளே கால் வைத்ததும் டோக்கன். கொட்டகை காலியானது. உள்ளே நாற்காலிகள் நிறைந்தன, சத்தம் வந்தது. திரை சிவப்பாக மாறியது. ஆலோசகருக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினார். 'மிக முக்கியமான கருத்து, அடுத்த கட்டத் திட்டத்தில் கவனிப்போம்' என்று பதில் வந்தது. மேலாளர் அவரைப் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார். மேசை பழைய இடத்துக்கே போனது. கொட்டகை மறுபடி நிறைந்தது.

அந்த அறையில் இருந்தபோதுதான் அன்று வந்திருந்த அதிகாரி அம்மா தொலைபேசியில் பேசினார். குரலில் அத்தனை உற்சாகம். "அன்னைக்கு உங்க காவலாளி பின்பக்கம் காட்டினாரும்மா. நல்ல ஏற்பாடு! எங்க மாகாணத்துல எல்லா மையத்துலயும் ஆரம்பிச்சுட்டோம். உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

இதைச் சொல்லும்போது டோக்கனம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தன் பெயரைப் போட வேண்டாம், ஆனால் செய்ததைக் கட்டாயம் எழுத வேண்டும் என்றார். எத்தனை ஊர்களில், எத்தனை கொட்டகைகளில், யார் யார் பெற்ற பிள்ளைகள் இப்போது நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நிற்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அரசு அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மணி பாருங்கள். டோக்கன் கைக்கு வந்ததும் அதில் அச்சாகியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் பேனாவை எடுத்து, விண்ணப்பத்தின் மேலேயே நீங்கள் வந்த நேரத்தைப் பெரிதாக எழுதுங்கள். பக்கத்தில் நிற்பவரையும் எழுதச் சொல்லுங்கள். அவர் கண்ணாடியை மறந்து வந்திருந்தால் நீங்களே எழுதிக் கொடுங்கள். அதன்மேல் அலுவலக முத்திரையைக் கேளுங்கள். கிடைக்கும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள்.