உருவிய கயிறு

எண்பதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம். வ. புதுப்பட்டியில் எங்கள் தொழுவத்தில் ரெண்டு மாடு. ஒன்று, நான் பெருமையாக வாங்கிய ஜெர்சி. மற்றது, மலைக்கு அந்தப்பக்கம் வைக்கத்திலிருந்து மாமனார் கொண்டுவந்த குட்டைப் பசு. என் இடுப்பு உயரம்தான் இருக்கும். "அரை வயித்துக்குப் போட்டாப் போதும் மாப்ளே, சீக்கு அண்டாது" என்றார். நான் சிரித்தேன்.

வைக்கோல் தீரப்போனதும், ஜெர்சிக்காக, பால் வற்றிக் கிடந்த குட்டைப் பசுவை மலையடிவாரத்தில் விரட்டிவிட்டேன். மாட்டை விற்றால்தான் கயிற்றை உருவிக்கொள்வோம். அன்று விற்காமலே அதன் கயிற்றை உருவிக்கொண்டேன். சினை என்று எனக்குத் தெரியாது.

ஜெர்சி கோமாரியில் செத்தது. மனைவிக்கும் பால் வற்றியது. கைக்குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை. கேட்ட வீட்டிலெல்லாம் கைவிரித்தார்கள்.

ஒருநாள் விடியலில் வாசலில் மாட்டுச் சத்தம். காட்டில் காய்ந்த தழையைத் தின்றே பிழைத்து, கன்றும் ஈன்று, கூட்டிக்கொண்டு வந்து நின்றது குட்டை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? செம்ப எடுத்தாங்க!" என்று மனைவி கத்தினாள்.

அவள் கறந்த பாலைக் குழந்தை குடித்துத் தூங்கியது. பழைய கயிற்றைத் தேடி எடுத்தேன். எந்த முகத்தோடு கட்டுவது? கிட்டப்போகக் கூசி நின்றேன்.

அதுவாகவே வந்து கழுத்தை நீட்டியது.