மடைக்காரர் என்ற பேர்

போன கார்த்திகை மழையில் எங்கள் சுந்தரபாண்டியம் கண்மாய் நிறைந்தபோது மடை ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. அடியில் மரக்கிளை செருகியிருந்தது. தண்ணீர் பீறிட்டு, புதிதாக நட்ட வயல்களை நோக்கி ஓடியது.

நான் இருபது வருடமாக அந்த மடையைப் பார்ப்பவன். திறந்து அடைப்பதற்குக் கூலியாக நெல் அளந்த காலத்திலேயே எங்கள் குடும்பத்துக்கு மடைக்காரர் என்று பேர். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போடுவோம். தண்ணீருக்குள் முங்கி மடை திறந்தவர் வம்சம் என்று ஊர் அதற்கு அர்த்தம் சொல்லும். நானும் அதையே பெருமையாகச் சொல்லி வந்தேன்.

இடுப்பு வலியால் இப்போது என்னால் தண்ணீரில் இறங்க முடியாது. ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கும் என் மகன் மாரியப்பன் அன்று லீவில் வந்திருந்தான். கரையில் நின்ற எல்லார் கண்ணும் அவன் மேல்.

"ஏலே, என்னல பாத்துக்கிட்டு நிக்க? மடைக்காரர் மகன்தானே? முங்கி அந்தக் கிளைய உருவுல!" என்றார் குருசாமி அண்ணாச்சி. முதலில் மூழ்கப்போவது அவர் வயல்.

மாரியப்பன் சட்டையைக் கழற்றினான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவன் கரையில் கிடந்த வைக்கோலை அள்ளி மடைக்கு நேரே எறிந்தான். அது ஒரு சுற்றுச் சுற்றிச் சடாரென்று உள்ளே போய்விட்டது.

"பாத்தியளா அண்ணாச்சி? கத்தையவே முழுங்குது. ஆள உடுமா?"

"அப்போ எம் பயிரு போகட்டுமாக்கும்!"

"போவாது. மம்பட்டிய எடுங்க. வாய்க்கா கரைய வெட்டி ஓடைக்குத் திருப்பிருவோம். தண்ணி எறங்குன பொறவு நானே முங்குதேன். அதுவரைக்கும் ஒருத்தரும் எறங்கக் கூடாது."

குருசாமி முனகிக்கொண்டே மண்வெட்டியை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் ஓடைக்குத் திரும்பியது. நாற்று தப்பியது.

வைக்கோல் எறிந்து பார்ப்பது என் பழக்கம். மகனுக்கு நான் சொல்லித் தந்ததில்லை. எனக்குச் சோறு கொண்டு வந்த நாட்களில் பார்த்திருக்கிறான்.

தண்ணீர் வடிந்ததும் குருசாமி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"மடைக்காரரே, இருக்கியளா?"

நான் எழுந்தேன்.

"நீரு இல்லவே, ஒம்ம மகன். இன்னைக்கு எறங்கலாமான்னு கேக்கணும்."

முங்குகிறவர் என்பதல்ல அந்தப் பேருக்கு அர்த்தம். இறங்கலாமா என்று ஊர் யாரிடம் கேட்கிறதோ, அவர்தான் மடைக்காரர். மடை வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இப்போதும் வானம் கறுத்தால் எனக்குப் பயம்தான். ஆனாலும் என் மகன் வைக்கோலைத் தேடாமல் தண்ணீரில் கால் வைக்கமாட்டான்.