லீவுத் தேதி கேட்பவர்

2004, வெள்ளி மாலை நான்கு நாற்பது. சவூதியின் ஜுபைல் தொழிலாளர் கேம்பின் கபடி மைதானத்தில் முதலில் கண்ணில் பட்டது மடங்காத ஓர் இடது கால். அதை நீட்டி உட்கார்ந்திருந்தவர்தான் பயிற்சியாளர். மற்ற நாட்களில் பைப் ஃபிட்டர். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் லீவுத் தேதி கேட்பது அவர் வழக்கம். இறுதிப் போட்டி நாளான அன்றும் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம ஃப்ளைட்டுண்ணே. கல்யாணம்ல!" என்றார் அணியில் எதிராளிகள் பக்கம் நன்றாகப் பாடிப்போகும் வெல்டர்.

"அப்ப வெளிய உக்காரு."

"நானில்லாம ஜெயிச்சிருவீங்களாக்கும்? கப்போட ஊருக்குப் போறேண்ணே."

"நானும் கப்போடதான் போனேன். மணவறையில சம்மணம் போட முடியல. கலாஸ், பேச்சு முடிஞ்சுது, உக்காருடா."

அணி இரண்டு புள்ளிகளில் தோற்றது. ஞாயிற்றுக்கிழமை வெல்டர் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போனார்.