எ டீச்சரா, தி டீச்சரா?

இங்கிலீஷில் இந்த 'எ', 'ஆன்', 'தி' மூன்றையும் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். நாம் 'யானை வருது' என்கிறோம். கேட்கிறவனுக்கு எந்த யானை என்று தெரியும், தெரியாவிட்டால் கேட்டுக்கொள்வான். அவர்களுக்கோ யானைக்கு முன்னால் ஒரு துண்டுச் சொல் போயாகணும். ஏதோ ஒரு யானை என்றால் 'எ'. உயிரெழுத்து வந்துவிட்டால் அதே 'எ', 'ஆன்' ஆகிவிடும். நமக்குத் தெரிந்த அந்த யானைதான் என்றால் 'தி'. இந்தச் சங்கடத்தைச் சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம் என்கிற எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு வாய்த்தது. நாடு சுதந்திரமாகிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. எனக்கு இருபது வயது.

வேலை தற்காலிகம். கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது என்னை வைத்துக்கொள்வார்களா, போய்வா என்று அனுப்பிவிடுவார்களா என்பது இன்ஸ்பெக்டரம்மா வந்து பார்த்துச் சொல்லுகிற வார்த்தையில் இருந்தது. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"வேலை நிலைச்சா ரெண்டு வருஷம் போட்டும். இல்லேன்னா வைகாசியில சிவகிரிக்காரங்கள வரச் சொல்லுதேன்."

சிவகிரியில் ஒரு மாப்பிள்ளை இருந்தார். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, பார்த்தால்தானே கோபம் வர? ஆனால் வீட்டுக்கு வருகிற மருமகள் வேலைக்குப் போகக்கூடாது என்று முதலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. சாக்பீஸ் தூசியும் அந்த வாலுகளின் கூச்சலும் எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லையே தவிர, ரொம்பவே பிடித்திருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா வருவதற்குக் கொஞ்சநாள் முன்னால், முதல் பெஞ்சு நெட்டச்சி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், குடைக்கு 'ஆன் அம்ப்ரெல்லா'ங்கீக. யுனிவர்சிட்டிக்கு மட்டும் ஏன் 'எ'? ரெண்டும் ஒரே எழுத்துலதான ஆரம்பிக்கி?"

நல்ல கேள்வி. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "கண்ணாலப் பாக்காதீங்கட்டி, காதாலக் கேளுங்க. வாயில உயிரெழுத்துச் சத்தம் வந்தா 'ஆன்'. 'யு'ன்னு உயிர்மெய் வந்தா 'எ'. எழுத்தப் பாத்து ஏமாறக்கூடாது."

எல்லாரும் தலையாட்டினார்கள். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டோம் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குள் ஒரே பெருமை. பெருமைப்பட்டேன் இல்லையா, அனுபவித்தேன்.

இன்ஸ்பெக்டரம்மா காலை ரயிலில் வந்தார். மொடமொடவென்று கஞ்சி போட்ட சேலை, சிரிக்காத முகம். கூடவே பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியை. வருகிற வழியில் இன்ஸ்பெக்டரம்மா கோயில் யானையைப் பார்த்திருப்பார் போல, வந்ததும் வராததுமாக, "எலிபென்ட். முன்னால என்ன போடணும்? எ போடணுமா, ஆன் போடணுமா?" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இதைவிட லேசான கேள்வி உண்டா?

"எ எலிபென்ட்" என்றாள் ஒருத்தி.

இன்ஸ்பெக்டரம்மா அடுத்தவளைக் காட்டினார். "எக்?" "எ எக்." அதற்கும் அடுத்தவள். "ஓல்ட் மேன்?" "எ ஓல்ட் மேன்." தயக்கம் கிடையாது, தடுமாற்றம் கிடையாது, கணீர் கணீரென்று தப்பு. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. சவத்த, வேலை போச்சு, சிவகிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க டீச்சர் என்னதான் சொல்லிக்கொடுத்தாங்க?"

நெட்டச்சி எழுந்தாள். "காதாலக் கேக்கச் சொன்னாக. யெலிபென்ட். 'யெ' உயிர்மெய்லா? யெக்கு, அதுவும் உயிர்மெய். வோல்டு மேன், 'வோ'வும் உயிர்மெய். அதான் 'எ' போட்டோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டை யெட்டு என்றும் ஒன்பதை வொம்பது என்றும் சொல்லிச் சொல்லி வளர்ந்த நாக்கு எங்களுடையது. பிள்ளைகள் விதியை மறக்கவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார்கள். எந்த வாயைக் கேட்டுச் செய்தார்கள் என்று யோசிக்கும் முன்னால் இன்ஸ்பெக்டரம்மா என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீங்க சொல்லுங்க, டீச்சர்."

"ஆன் யெலிபென்ட்" என்றேன். 'யெ' தானாக வந்து விழுந்துவிட்டது. என் வாயை நானே அன்றைக்குத்தான் முதல்தடவை கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து எதையோ சொல்லிப் பார்த்தார். பிறகு வெளியே நடந்தார். வாசலில் நின்று பெரிய டீச்சரிடம் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னார். என் காதில் தெளிவாக விழுந்தது.

"திஸ் கிளாஸ் நீட்ஸ் டீச்சர்."

அவ்வளவுதான். முன்னால் 'எ'யும் இல்லை, 'தி'யும் இல்லை. ஆர்ட்டிகிளைச் சோதிக்க வந்த மகராசி, ஆர்ட்டிகிளை முழுங்கிவிட்டுப் போய்விட்டார்!

எதை முழுங்கினார்? 'எ' என்றால், இந்த வகுப்புக்கு ஒரு டீச்சர் வேண்டும், இப்போது இருப்பது டீச்சரே இல்லை. 'தி' என்றால், இந்த வகுப்புக்கு இந்த டீச்சர்தான் வேண்டும். ஒன்று என்னைத் தெருவில் விடுகிறது, இன்னொன்று நாற்காலியில் உட்காரவைக்கிறது. தமிழில் போட்டுப் பார்த்தேன். 'இந்த வகுப்புக்கு டீச்சர் வேணும்.' அதுவும் வாயைத் திறக்கவில்லை.

ஓடிப்போய்ப் பெரிய டீச்சரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். மறுநாள் கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள், அவர் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார்.

சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அடுத்த தெருத் தறிச்சத்தம் எனக்கு எ, தி, எ, தி என்றே கேட்டது. சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று 'ய' ஒட்டாமல் 'எ' சொல்லப் பழகுவேன். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டு, "ஏட்டி, பல்லு வலிக்கா?" என்றாள்.

வைகாசி பிறந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாறாக."

அந்தப் பேச்சைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் சுருக்கென்றது. 'பொண்ணு பாக்க.' பெண்ணைப் பார்க்க இல்லை. ஏதோ ஒரு பெண். தமிழில் இல்லை என்று நான் சாதித்துக்கொண்டிருந்த சனியன் இங்கேயல்லவா ஒளிந்திருக்கிறது! 'பொண்ணு' என்றால் 'எ'. அதிலே ஒரு 'ஐ' ஒட்டிப் 'பொண்ணை' என்றால் 'தி'. சிவகிரிக்காரர்களுக்கு நான் வெறும் 'எ'. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வியாழக்கிழமை தேரடியில் பூ வாங்கப் போனேன். பாளையங்கோட்டையிலிருந்து திரும்பிவிட்டிருந்த பெரிய டீச்சர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். இனிமேல் பயந்து என்ன ஆகப்போகிறது? கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு இன்ஸ்பெக்டரம்மா என்ன சொல்லிட்டுப் போனாக?"

"அதையா இத்தன நாளும் மனசுல வச்சிக்கிட்டு அலையுத? பிள்ளைங்க தப்பாச் சொன்னாலும் காதால யோசிக்குதுகன்னு அவுகளுக்கு ஒரே சந்தோஷம். ரயிலேறப் போறப்பவும் சொன்னாக. டீச்சரை மாத்திராதீங்கன்னு."

"டீச்சரா, டீச்சரையா?" என்றேன்.

"டீச்சரைத்தான். இது என்ன கேள்வி?" என்று அவர் மறுபடியும் கத்தரிக்காய்ப் பக்கம் திரும்பினார்.

அந்த 'ஐ'யை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பூவை எங்கே விட்டேன் என்று தெரியாது. அப்பாவிடம் வேலை நிலைத்த சேதியை மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். "நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"பொண்ணுதானப்பா பாக்க வாறாக? என்னப் பாக்க இல்லையே. வேற பொண்ணு பாக்கட்டும்."

அப்பாவுக்கு இலக்கணம் தெரியாது. எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார்.

அம்மா பதறிக்கொண்டு வந்தாள். "இந்த வெயில்ல எங்க போறீக?"

"சிவகிரிக்கு. டீச்சரைத் தரமாட்டோம்னு சொல்லிட்டு வாரேன்."