சீனிப்பேணியில் சாய்ந்த வாப்பாவும் மூன்று அத்திலாந்திக் தீவுகளும்

எங்கள் காத்தான்குடியில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போவது வழக்கமில்லை. அந்த வழக்கத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, ஊரில் மாரி வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நாட்களில், நான் இரண்டு பிள்ளைகளோடும் மூன்று பெட்டிகளோடும் புறப்பட்டேன். என் மாப்பிள்ளை இருக்கும் இடம் ஒரு பயணிகள் கப்பல். அது அப்போது ஆபிரிக்காவுக்கு மேற்கே, அத்திலாந்திக் தீவுகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"அல்லாஹ்வே, சின்னப் புள்ளைகளோடயா?" என்று கேட்காத ஆள் எங்கள் ஒழுங்கை வீடுகள் எதிலும் இல்லை. அவர்களுக்கும், கணவர் கப்பலில் வேலை செய்கிற மற்றப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். விசா விஷயம் ஆளுக்கு ஆள் வேறு. அதை இங்கே எழுதி யாரையும் குழப்ப மாட்டேன். துறைமுக நாட்களைப் பிள்ளைகளோடு எப்படிக் கழிப்பது என்பதுதான் என் கதை.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மகன் அம்மாருக்கு ஏழு வயது, வாய் ஓயாது. மகள் ஹனாவுக்கு மூன்று. இவர்களுடைய வாப்பா கப்பலில் குளிர்சாதன இயந்திரங்களைப் பார்க்கிற பொறியியலாளர். கடைசியாக அவர் ஊருக்கு வந்து போனபோது ஹனாவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. ஆகவே அவளுக்குத் தெரிந்த வாப்பா போனுக்குள் இருப்பவர். தினமும் பொழுதுபட்டு மஹ்ரிப் தொழுகை முடிந்ததும் போனைச் சீனிப்பேணியில் (சீனி போட்டு வைக்கிற தகர டப்பா) சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவோம். ஹனா ஒரு வாய்ச் சோற்றை உருட்டித் திரைக்கு நீட்டுவாள். "வாப்பாவுக்கு ஒரு வாய்!" அவர் அங்கிருந்து வாயைத் திறந்து, மென்று, "நல்ல ருசி மகள்" என்பார். பிறகு அந்தச் சோற்றை அவளே சாப்பிட்டுவிடுவாள். இருவருக்கும் திருப்தி. எனக்குத்தான் போனைத் துடைக்கிற வேலை.

புறப்பட முன் ஒரு ஒத்திகை பார்த்தேன். சிரிக்காதீர்கள், இதை எல்லோருக்கும் சொல்வேன். துறைமுக நாள் என்பது குறித்த நேரத்தில் இறங்கி, குறித்த நேரத்துக்குள் திரும்பி ஏறுவது. அதற்கு நம் வாவியை விட நல்ல பள்ளிக்கூடம் எது? ஒரு சனிக்கிழமை ஓட்டோ பிடித்துக் குருமண்வெளிக்குப் போய், அங்கிருந்து மண்டூருக்குப் பாதையில் போனோம். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற தட்டையான படகை. மோட்டார்சைக்கிளும் ஏறும், மாடும் ஏறும். அக்கரையில் இரண்டு மணித்தியாலம், பிறகு திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம்.

திட்டம் அக்கரையிலேயே பிசகிவிட்டது. மூன்று பைகள், சுடுதண்ணிப் போத்தல், இடியப்பப் பொதி, குடை எல்லாம் என் தோளில். ஹனா வேறு மண்டூரில் நித்திரையாகிவிட்டாள். அவளையும் தூக்கிக்கொண்டு நான் ஓடி வர, பாதை கரையை விட்டு நகர்ந்துவிட்டது. அம்மார் இரண்டு கையையும் விரித்துக் கத்தினான். பாதைக்காரர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மெதுவா ஏறுங்க தங்கச்சி. என்ன, வீடு மாறிப் போறீங்களா?" என்று என் பைகளைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல அண்ணன், கப்பல்ல போறதுக்குப் பழகுறம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட பாதை திரும்பி வரும். கப்பல் வராது தங்கச்சி, பாத்துக்கங்க."

அன்றிரவே இரண்டு பைகளைக் குறைத்தேன். ஒன்று போதும்: தண்ணீர், பிஸ்கட், ஒரு மாற்றுடுப்பு, ஈரத்துணி, மெல்லிய தொழுகை விரிப்பு. மீதியெல்லாம் நம் பயம், அதைச் சுமக்கத் தேவையில்லை.

கொழும்பிலிருந்து இரண்டு விமானம் மாறி, கிரான் கனாரியாத் தீவில் (நம்ம ஊர்ப்பக்கத்துக் கிரான் இல்லை, அங்கே வயலும் இல்லை) கப்பலேறினோம். அறைக்கு இவர் வெள்ளைச் சீருடையோடு வந்தார். அம்மார் பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஹனா என் அபாயாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"இது ஆரு?"

"வாப்பாடி, மொக்கு!" என்றான் அம்மார்.

"இல்ல. வாப்பா போனுக்குள்ள."

எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. போனைக் கேட்டு அடம்பிடித்தாள். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார். சிறிது நேரத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஹனா போனைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் முறையிட்டாள்: "வாப்பா, இஞ்ச ஒரு மாமா வந்திரிக்கார். உம்மாட கட்டில்ல குந்தியிருந்தார். வரவேணாமெண்டு சொல்லுங்க!"

திரையில் இவர் தொண்டையைச் செருமினார். "அந்த மாமா நல்லவர் மகள். பயப்படாதீங்க."

தனக்குத் தானே சாட்சி சொன்ன மனிதனை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "ஏழு நாள் இரிக்கிதானே புள்ள," என்றார். "நீங்க எறங்குறதுக்குள்ள என்னப் பாத்து ஒருக்கா வாப்பா எண்டு கூப்பிட்டாப் போதும் எனக்கு." ஆக, எங்கள் பயணத்தின் வேலை அதுவாகிவிட்டது. தீவு பார்ப்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

முதல் துறைமுகம் லான்சரோட்டே தீவின் அரெசிஃபே. கப்பல் காலை எட்டுக்குக் கட்டியது. மாலை ஐந்தரைக்கு எல்லோரும் ஏறிவிட வேண்டும். இவருக்கு வேலையில் ஓய்வு பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மட்டும். அதனால் காலையை எங்கள் பாட்டில் கழித்து, நடுப்பகலை அவருக்கு வைத்தேன். துறைமுகத்திலிருந்து நகருக்கு அரை மணி நடை; பிள்ளைகளோடு அதைச் செய்யாதீர்கள், டாக்ஸிக்கு எட்டு யூரோதான் ஆனது. நகரின் நடுவே கடல்நீர் புகுந்து நிற்கிற ஒரு சிறு வாவி இருக்கிறது. சுற்றிலும் வெள்ளை வீடுகள், நடுவில் கட்டிப்போட்ட சிறிய தோணிகள்.

"உம்மா, இது நம்மட ஆத்தங்கரதானே! ஆரு இதத் தூக்கி இஞ்ச வெச்சது?" என்றான் அம்மார்.

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்; எனக்கும் அதே நினைப்புதான். அலையில்லாத தண்ணீரைக் கண்டதும் மனசு வீட்டுக்குப் போய்விட்டது. கரையோரம் நிழலிருக்கிறது, பிள்ளைகள் ஓட இடமிருக்கிறது. மீனும் தோலோடு உப்பில் அவித்த உருளைக்கிழங்கும் வாங்கினால் ஹலால் கவலையும் இல்லை. இவர் வந்து ஹனாவுக்கு ஐஸ்கிறீம் நீட்டினார். அவள் ஐஸ்கிறீமை ஏற்றுக்கொண்டாள், ஆளை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரு முழு நாள் கடலில் போய், அடுத்தது மதெய்ராத் தீவின் ஃபுன்ஷால். மலைக்குத் தொங்குவண்டியில் போகலாம் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நாலு பேருக்கான கட்டணத்தையும் வரிசையையும் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டேன், வருத்தமும் இல்லை. கப்பல் கட்டும் இடத்துக்கு நேர் மேலே ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. இருபது நிமிட நடை, கடைசியில் ஏற்றம். வாத்துக் குளம், ஊஞ்சல், சறுக்கு எல்லாம் சும்மா, காசில்லை. அங்கிருந்து நம் கப்பல் முழுதாகத் தெரியும் என்பதால் நேரம் தவறுமோ என்ற படபடப்பும் குறையும். சந்தைக்குப் போனால் மட்டும் கவனம். பழத்தைக் கீறி "ருசி பாருங்க" என்று வாயில் வைப்பார்கள். ருசித்துவிட்டு விலை கேட்டால் தலை சுற்றும். நான் காத்தான்குடிக் கடைத்தெருவில் வளர்ந்தவள், விலை கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

அந்தப் பூங்காவில் இவர் ஹனாவின் ஊஞ்சலைப் பின்னால் நின்று தள்ளினார். தள்ளுவது யாரென்று தெரியாத வரை அவள் கிலுகிலுவென்று சிரித்தாள். திரும்பிப் பார்த்ததும் காலை ஊன்றி நிறுத்திவிட்டாள். "உம்மா தள்ளட்டும்."

திரும்பும் வழியெல்லாம் இவர் எங்களுக்கு முன்னால் நடந்தார். கப்பல் வாசலில் நின்று, "நாலு நாள் போயிற்று" என்றார். அவளை அடித்தா அழைக்க வைக்க முடியும்?

மூன்றாவது, லா பால்மாத் தீவின் சாந்தா குரூஸ். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதை முதலாவதாகச் சொல்வேன். கப்பலிலிருந்து இறங்கிப் பத்து நிமிடத்தில் நகருக்குள் நடந்துவிடலாம், வண்டியே வேண்டாம். மரப் பலகணிகளில் பூந்தொட்டி வைத்த பழைய வீதி வழியாகப் போனால், கடைசியில் மரநிழலோடு ஒரு சதுக்கம். பக்கத்தில் சீமெந்தில் கட்டிய பழங்காலக் கப்பல் ஒன்று நிற்கிறது. அம்மார் அதைவிட்டு அசையவில்லை. இது வாழைத்தோட்டத் தீவு. ஒரு கடையில் குட்டை குட்டையான வாழைப்பழம் ஒரு சீப்பு இரண்டு யூரோவுக்கு வாங்கினேன். (கப்பலிலிருந்து பழம் கொண்டு இறங்கக்கூடாது, இறங்கும் ஊரில்தான் வாங்க வேண்டும்.)

பன்னிரண்டு போய் ஒரு மணியும் போயிற்று, இவரைக் காணோம். ஏதோ இயந்திரம் மக்கர் பண்ணியிருக்கும். ஹனா பழத்தை உரித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நான் எடுக்க முன் அவள் பறித்துக்கொண்டாள்.

"வாப்பா! எங்க?"

"நடந்து வாறன் மகள். நீங்க எங்க இரிக்கிங்க?"

அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. பழத்தைத் திரைக்கு நீட்டினாள். "வாப்பாவுக்கு ஒரு வாய்!" அவரும் வழக்கப்படி மென்று, "நல்ல ருசி" என்றார். அப்போதுதான் வீதி முனை திரும்பியிருக்கிறார், எங்களைக் கண்டிருக்கிறார். கூப்பிடவில்லை. போனின் கமெராவை மறுபக்கம் திருப்பினார். திரையில் மரங்கள் வந்தன. சீமெந்துக் கப்பல் வந்தது. பிறகு ஒரு கறுப்பு அபாயா, அதற்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்ன முதுகு.

எட்டிப் பார்த்த அம்மார் துள்ளினான். "அடியே, அது நீதான்டி!"

ஹனா திரும்பினாள். கொஞ்சத் தூரத்தில் போனைப் பிடித்தபடி இவர் நின்றார். அவள் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் போனைப் பார்த்தாள்.

"மகள்," என்றார் இவர். சத்தம் இரண்டு இடத்திலிருந்தும் வந்தது.

அவள் போனை என் மடியில் போட்டுவிட்டு நடந்தாள். அவருக்கு முன்னால் போய் நின்று, திரைக்கு நீட்டுவதைப் போலவே கையை நீட்டிப் பழத்தைக் காட்டினாள். இவர் முழங்காலில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, கடித்தார்.

ஹனா பழத்தைப் பார்த்தாள். பாதியைக் காணோம். மூன்று வயதில் இப்படியொரு துரோகத்தை அவள் கண்டதில்லை. சதுக்கமே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள்: "உம்மா! வாப்பா திண்டுட்டார்! மெய்யாத் திண்டுட்டார்!"

அந்த மனிதர் வாயில் பழத்தோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை. நானும் வெட்கமில்லாமல் அழுதேன். அல்ஹம்துலில்லாஹ். அலறல் நின்றதும் ஹனாவுக்கு இது புது விளையாட்டாகிவிட்டது. இன்னொரு பழத்தை உரித்து நீட்டினாள், அவர் கடித்தார், அவள் ஓட்டையைப் பார்த்தாள், சிரித்தாள். சீப்பு முடியும் வரை நடந்தது. மூன்று மணிக்குள் அவர் வேலைக்கு ஏற வேண்டும்; அவளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பழைய வீதி முழுதும் ஓடினார். மிச்ச நாட்களில் அவள் வேலையாட்கள் போகிற கதவைத் தட்டித் தட்டி, "வாப்பாவ வரச்சொல்லுங்க" என்று கப்பலையே இரண்டாக்கினாள்.

போகிறவர்களுக்கு என் புத்தி: ஒரு துறைமுகத்துக்கு ஒரு இடம் போதும், இரண்டாவது பேராசை. கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னமே கப்பல் பக்கம் திரும்பிவிடுங்கள். காசு கட்டிப் போகும் சுற்றுலாவை விட ஊஞ்சலுள்ள பூங்கா பிள்ளைகளுக்கு மேல். கப்பல் ஆள் உங்களுடையவரென்றால், அவர் இறங்கும் மணியைக் கேட்டுவிட்டுப் பிறகு மற்றத்தை யோசியுங்கள்.

நாங்கள் ஊர் வந்து மூன்று கிழமையாகிறது. மஹ்ரிபுக்குப் பிறகு போன் வழக்கம்போலச் சீனிப்பேணியில் சாய்ந்திருக்கிறது. முதல் நாள் இவர் அங்கிருந்து பழக்கத்தில் வாயைத் திறந்தார். ஹனா சோற்றை உருட்டினாள், ஆனால் நீட்டவில்லை.

"இது தின்னாது உம்மா," என்றாள் என்னிடம். "வாப்பாதான் தின்னுவார்."

தட்டின் ஓரத்தில் அந்த ஒரு வாய்ச் சோற்றைத் தனியாக வைத்தாள். அதை யாரும் தொடக்கூடாது. தினமும் வைக்கிறாள், அவள் தூங்கிய பிறகு தினமும் நான் எடுத்துச் சாப்பிடுகிறேன். அவர் வர இன்னும் நாலு மாதம் இருக்கிறது.