இழுத்தால் என்ன வரும்?

துறைமுகத்தில் அவனைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் நெட்டை, கழுத்து நீளம், வேலையோ கிரேன் ஓட்டுவது. பட்டப்பெயருக்கு இதற்குமேல் என்ன பொருத்தம் வேண்டும்? காலையில் ஏணியேறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால், கடல்காற்று கூண்டையே ஆட்டினாலும் அவன் கை ஆடாது. வீடளவு இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி, தூங்கும் குழந்தையைக் கட்டிலில் கிடத்துவதுபோலக் கரையில் வைப்பான். சத்தம் வராது.

அப்பேர்ப்பட்டவன் தன் வீட்டு மாடிப்படியில் விழுந்தான். அதுவும் கடைசிப் படியில். மனைவி கைப்பேசியில் அனுப்பியிருந்த மகளின் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இறங்கியவன், படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தான். முடியவில்லை. இடதுகால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, அக்குளில் இரண்டு கட்டைகளைக் கொடுத்து, காலை ஊன்றவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுபவள். விடிகாலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வருவாள். மகளுக்கு அப்போதுதான் ஒரு வயது நிரம்பியிருந்தது. நிற்கப் பார்ப்பாள், தொப்பென்று உட்காருவாள், உடனே எதிரில் கிடப்பதை நோக்கித் தவழ்ந்து பாய்வாள். எந்த மூலையில் எது கிடந்தாலும் முதலில் கைக்கும் அடுத்து வாய்க்கும் போய்விடும். அதனால் வீட்டில் அவள் பெயர் சுண்டெலி. பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டது எதிர்வீட்டுத் தையல்காரம்மா. இப்போது அப்பாவும் வீட்டோடு என்று ஆகிவிட்டதால், இரண்டு வீட்டுக் கதவுகளையும் பகல் முழுவதும் திறந்தே வைத்தார்கள், சாயங்காலம்தான் சாத்துவார்கள். தூக்க, குளிப்பாட்ட, துணி மாற்ற ஒரு குரல் கொடுத்தால் தையல் மெஷின் நிற்கும், தையல்காரம்மா வந்து நிற்பார். மற்ற நேரமெல்லாம் கொக்கும் சுண்டெலியும்தான்.

முதல் நாளே தகராறு ஆரம்பித்தது. உயரமான குழந்தை நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டுத் தையல்காரம்மா போனார். சுண்டெலி கையில் ஒரு மரக்கரண்டி. அதை நாற்காலிக்கு வெளியே நீட்டினாள். விரல்களை விரித்தாள்.

டொக்.

"ஐயோ!" என்றான் கொக்கு. கட்டையை ஊன்றி, ஒற்றைக்காலில் நின்று, சுவரைப் பிடித்துக் குனிந்து, வியர்த்து விறுவிறுத்துக் கரண்டியை எடுத்துக் கொடுத்தான். வாங்கிய கை சூட்டோடு சூடாக மறுபடியும் வெளியே நீண்டது.

டொக்.

"ஐயோ! அப்பாவால முடியலடி!"

அவளோ அதற்குள் அடுத்த டொக்குக்குத் தயாராகிவிட்டாள். முதலில் அவனுக்குக் கோபம் வந்தது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தான். அவள் கரண்டியைப் பார்க்கவே இல்லை. கையை விரித்ததும் அவள் கண் நேராக அவன் முகத்துக்கு வந்தது. விட்டால் விழும் என்பதை அவள் என்றோ படித்து முடித்துவிட்டாள். இப்போது படித்துக்கொண்டிருந்தது அப்பாவை. இதைப் போட்டால் இவர் கத்துகிறார், எழுந்திருக்கிறார், ஆடுகிறார், குனிகிறார். ஒரு கரண்டிக்கு இவ்வளவு வேடிக்கையா!

மறுநாள் அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். டொக் என்றது கரண்டி. அவன் அசையவில்லை. சுண்டெலி அவன் முகத்தையே பார்த்தாள். காத்திருந்தாள். ஏதோ பழுதாகிவிட்டது என்று தோன்றியிருக்க வேண்டும். கழுத்தை நீட்டி, உதட்டைக் குவித்து, அவனுக்கு எடுத்துக்கொடுப்பதுபோலச் சொன்னாள்:

"ஐயோ!"

அதுதான் அவள் பேசிய முதல் சொல். அன்று மாலை மனைவி அதைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "இத்தனை நாளா 'அம்மா'ன்னு சொல்லும் சொல்லும்னு காத்துக்கிட்டு இருந்தேன். 'ஐயோ'வா சொல்லுச்சு? நீங்க வீட்ல இருந்த லட்சணம் இதுதானா?"

"நானும் ஆசையாவா கத்தினேன்? என் இடுப்பு கத்துச்சு."

இடுப்பைக் காப்பாற்றியாக வேண்டும். இறங்கினதை ஏற்றத் தெரியாமல் நான் என்ன கிரேன் ஓட்டுகிறேன் என்று அவனுக்கே ரோஷம் வந்தது. தையல்காரம்மாவிடம் கொஞ்சம் நாடா கேட்டான்.

"எதுக்குத் தம்பி?"

"கரண்டிக்கு வால் வைக்கப் போறேன்க்கா."

"ஒரு சாணுக்கு மேல தரமாட்டேன். கழுத்துல சுத்திக்கும். நீங்க பக்கத்துல இல்லேன்னா அவுத்து வச்சிரணும், சொல்லிட்டேன்" என்று நறுக்கிக் கொடுத்தார்.

நாடாவின் ஒரு முனையை நாற்காலியின் பலகையிலும் மறுமுனையைக் கரண்டியிலும் கட்டினான். சுண்டெலி கரண்டியை வெளியே நீட்டிக் கையை விரித்தாள். டொக் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். கரண்டி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் கட்டையைத் தொடாமல், சோபாவில் இருந்தபடியே கையை நீட்டி நாடாவை இழுத்தான். கரண்டி மேலே வந்தது. அவள் வாயைப் பிளந்தாள்.

அவளாக இழுக்க இரண்டு மூன்று நாள் ஆனது. முதல் தடவை தற்செயல்தான். நாடாவைக் கடித்துப் பார்க்கலாம் என்று வாய்க்குக் கொண்டுபோனாள். பின்னாலேயே கரண்டி ஏறி வந்து மூக்கில் இடித்தது. அப்படியே உறைந்துபோனாள். நாடாவைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே விட்டாள். நாடாவை இழுத்தாள். வந்தது! அவள் போட்ட கூச்சலில் தையல்காரம்மா ஊசியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. எனக்குப் போட்டியா இன்னொரு கிரேன் கிளம்பியிருக்கு."

ஒருமுறை குறும்புக்காக அவன் கரண்டியை அவிழ்த்துவிட்டு வெறும் நாடாவைத் தொங்கவிட்டான். இழுத்தாள். வெறும் நாடா வந்தது. அதன் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள், கடைக்காரர் எடை குறைத்ததைக் கண்டுபிடித்தவர் பார்ப்பாரே, அப்படி. அவனுக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. கரண்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டான்.

அன்றிலிருந்து வீட்டில் வால் முளைத்த பொருளெல்லாம் அவள் சொத்து. துண்டின் நுனி, செருப்பின் வார், தையல்காரம்மாவின் அளவுநாடா. இழுத்தால் என்ன வரும் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஒரு மதியம் மேஜைவிரிப்பின் தொங்கலைக் கண்டாள். கொக்கு "வேணாம், வேணாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் செய்தித்தாள், சீப்பு, ஒரு தம்ளர் தண்ணீர் எல்லாம் ஊர்வலமாகக் கிளம்பி வந்தன. தண்ணீர் முழுவதும் அவள் தலையில். அழப்போகிறாள் என்று அவன் பதறினான். அவளோ சொட்டச் சொட்ட நிமிர்ந்து, மிகவும் நிதானமாக, "ஐயோ" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் துறைமுகத்திலிருந்து கூட்டாளி ஒருவர் பார்க்க வந்தார். தரையில் நின்று கைச்சைகை காட்டி, கூண்டில் இருப்பவனுக்கு எதைத் தூக்கு, எங்கே இறக்கு என்று சொல்பவர். எல்லோருக்கும் அவர் விசில்.

"என்னடா கொக்கு, இப்பதான் பேருக்கு ஏத்த மாதிரி ஒத்தக்கால்ல நிக்கிறே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், கரண்டியையும் நாடாவையும் கண்டு குஷியாகிவிட்டார். சுட்டுவிரலை மேலே காட்டிச் சுழற்றினார். பழக்கதோஷம், கொக்கு நாடாவை இழுத்தான். உள்ளங்கையைத் தட்டையாகக் காட்டினார். அவன் நிறுத்தினான். கரண்டி பாதியில் நின்றது.

சுண்டெலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் குண்டு விரலை எடுத்து, எதைச் சுழற்றுவது என்று தெரியாமல் கையையே சுழற்றினாள். கொக்கு இழுத்தான், கரண்டி ஏறியது. இத்தனை நாளும் தானே இழுக்க வேண்டியிருந்தது. இப்போது தொடக்கூட வேண்டாம்!

"பாத்தியா? என் வேலைக்கே ஆப்பு வைக்குது உன் பொண்ணு" என்றார் விசில். போகும்போது வாசலில் நின்று அவளுக்கு ஒரு சல்யூட்டும் அடித்தார்.

எல்லாமே சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தத் திரைச்சீலைக் கயிற்றை அவள் பிடிக்கும்வரை. தெருவைப் பார்த்த ஜன்னலில் ஒரு திரை உண்டு. பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுத்தால் அது விலகும். ஒரு சாயங்காலம் அப்பாவின் மடியில் சாய்ந்து நின்று அதை இழுத்தாள். திரை விலகிய அதே நொடியில் வாசற்கதவில் சாவி திரும்பும் சத்தம். அம்மா!

மறுநாள் காலை, அம்மா போன கொஞ்ச நேரத்தில், சுண்டெலி ஜன்னலுக்குத் தவழ்ந்தாள். கயிற்றை இழுத்தாள். திரை விலகியது. அவள் திரையைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். திரையை மூடச் சொல்லி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் மூடினான். மறுபடி இழுத்தாள். வாசலைப் பார்த்தாள். நாலாவது தடவைதான் கொக்குக்கு விளங்கியது.

"அது திரையை மட்டுந்தான்டி திறக்கும், கண்ணு" என்றான். அவளுக்குப் புரியவில்லை. கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாலையில் மனைவியிடம் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள். பிறகு மகளை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"கடைசி டிரிப் முடிஞ்சு டிப்போவுக்கு நம்ம தெரு வழியாத்தான் வண்டிய எடுத்துட்டுப் போறேன். திருப்பத்துல எப்படியும் ஹார்ன் அடிக்கணும். நாளையிலேருந்து ரெண்டு தடவை அடிக்கிறேன். அப்புறம் வண்டிய விட்டுட்டு நடந்து வர்ற நேரந்தான்."

அப்படியே நடந்தது. தெருமுனையில் பீ பீ. கொஞ்ச நேரத்தில் படியில் காலடி. பிறகு சாவி, பிறகு அம்மா. சுண்டெலி சில நாள் பழைய நம்பிக்கையை விடவில்லை. கயிறும் இழுப்பாள், ஹார்னும் கேட்பாள். ஒருநாள் கயிற்றைக் கையில் பிடித்திருக்கும்போதே பீ பீ கேட்டது. கயிற்றை அப்படியே உதறிவிட்டு வாசலுக்குப் பாய்ந்தாள். இன்னொரு நாள் ஏதோ ஒரு லாரி நீளமாக அலறிக்கொண்டு போனது. அதற்கும் பாய்ந்தாள். ஏமாந்து திரும்பி வந்து, லாரியை அனுப்பியதே அப்பாதான் என்பதுபோல முறைத்தாள். அதற்கப்புறம் நீளமான ஹார்னுக்குத் தலையைக்கூடத் திருப்பவில்லை. இரண்டு குட்டி ஹார்ன் கேட்டால்தான் காது விடைக்கும். இத்தனையையும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொக்கு சோபாவில் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததோடு சரி.

அடுத்து அவள் செய்ததை அவனும் எதிர்பார்க்கவில்லை. மனைவிக்கு அன்று விடுமுறை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் சுண்டெலி அம்மாவைத் தேடினாள். ஜன்னல் பக்கம் போகவில்லை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து, மார்பு நிறைய மூச்சை இழுத்து, எச்சில் தெறிக்கக் கத்தினாள்:

"பீ! பீ!"

குழாய் நின்றது. மனைவி ஈரக்கையோடு கூடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தாள். சுண்டெலியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கயிறு ஏமாற்றியது, லாரி ஏமாற்றியது, இது ஏமாற்றவில்லை. சரிபார்க்க வேண்டாமா? அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்து, மறுபடி "பீ! பீ!" என்றாள். அம்மா ஓடிவந்தாள். அந்த விடுமுறை நாளில் கழுவிய பாத்திரம் குறைவு, ஓடிய ஓட்டம்தான் அதிகம்.

"அம்மான்னு கூப்பிடக்கூடாதா? பஸ்ஸக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுது பாருங்க!"

"பேரு என்னவா இருந்தா என்ன? கூப்பிட்டா நீ வர்றல்ல, அது போதும் அதுக்கு" என்றான் கொக்கு.

"டிப்போவுல தெரிஞ்சா என் மானம் போயிரும்" என்று சொன்னவள், மறுநாள் டிப்போவில் போய் எல்லோரிடமும் அவளேதான் சொல்லிவிட்டு வந்தாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கால் வெளிறி மெலிந்து, யாருடையதோ போல இருந்தது. மெல்ல மெல்ல நடந்து பழகச் சொன்னார்கள். முதல்நாள் நடைக்கு அவன் மகளையும் தெருவுக்கு அழைத்துப் போனான். அவளும் அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தாள். இருவரில் யார் யாரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள் என்று மாடியிலிருந்து பார்த்த தையல்காரம்மாவுக்கே சந்தேகம். காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நடைபாதை ஓரம் ஒரு சிறு பள்ளத்தில் நீர் தேங்கியிருந்தது. சுண்டெலி தெரியாமல் அதில் காலை வைத்தாள். சளப்பென்று நீர் சிதறியது. நின்றாள். தன் காலைக் குனிந்து பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வேண்டுமென்றே, பலம் முழுவதையும் திரட்டி, இன்னொரு மிதி.

மேலே ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "புதுச் சட்டைங்க! அவளப் பிடிங்க!"

"பிடிக்கிறேன், பிடிக்கிறேன்" என்றான் கொக்கு. சொல்லிவிட்டு, கால்சட்டையின் விளிம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, நல்ல காலை ஓங்கினான்.