உஸ்தாபி ஜெய்னம்புவின் வியாழக்கிழமைகள்

மீமிசலில் மைதீன் பிச்சையின் வீடு எது என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். உஸ்தாபி வீடு என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். மைதீன் பிச்சை வலைநூலும் மிதவையும் விற்கும் கடைக்காரர். அவர் மனைவி ஜெய்னம்பு பத்தொன்பது வருடமாக வீட்டு முன்னறையில் பெண்பிள்ளைகளுக்கு வேதம் ஓதிக்கொடுக்கிறாள். ஓதிக்கொடுக்கிற பெண்ணுக்கு அந்தப் பக்கம் உஸ்தாபி என்று பேர். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் வருவார்கள், பொழுது சாயும் நேரத்து மஃரிப் பாங்குக்கு முன்னால் கலைவார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடும் பயான் சொற்பொழிவிலும் அவள்தான் பேசுவாள். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் வந்தவர்களை எழுந்து போகவிடாமல் பேசத் தெரியும். அங்கே அவள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "தொழுற மனசுக்குக் கவலை அண்டாது. அண்டுச்சுன்னா ஈமான்ல எங்கயோ கொறைன்னு அர்த்தம்." ஈமான் என்றால் இறைநம்பிக்கை. ஊரை அதட்டுவதற்காகச் சொன்னதில்லை அது. அவளுக்கு அப்படித்தான் இருந்தது. மாமியார் நாலு வருடம் படுக்கையில் கிடந்தபோதும், ஒரே மகளை அதிராம்பட்டினத்தில் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று ஆனபோதும், முசல்லாப் பாயை விரித்துத் தொழுது எழுந்தால் பாரம் இறங்கிவிடும். தனக்கு இறங்குவதால் எல்லோருக்கும் இறங்கும் என்று நம்பினாள்.

அவளுக்கு நாற்பத்தேழு வயதானபோது, நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு மாதத்தில், காரணமே இல்லாமல் அந்தப் பாரம் வந்து உட்கார்ந்தது. யாரும் சாகவில்லை. யாரோடும் சண்டையில்லை. விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு விழிப்பு வரும்போதே நெஞ்சில் ஈரச் சாக்கைப் போட்டாற்போல இருக்கும். சோறு மண்ணாக இருந்தது. மகள் போனில் பேசினால் எப்போது வைப்பாள் என்று இருந்தது. பிள்ளைகள் ஓதிக்கொண்டிருக்கையில் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். "உஸ்தாபி அல்லாவுக்குப் பயந்து அழுறாங்க" என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன. அதைக் கேட்டு அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கூடுதலாகத் தொழுதாள். திங்களும் வியாழனும் நோன்பு வைத்தாள். தஸ்பீஹ் மணி விரலை விட்டு இறங்கவில்லை. நாலு மாதத்தில் ஆள் பாதியாய்ப் போனதுதான் மிச்சம். ஈமானில் குறை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! இப்போது தன்னிடம் அது எங்கே குறைந்தது என்று தேடித் தேடி அலுத்துப் போனாள். புருஷனிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

கண்டுபிடித்தது ராக்காயி. தினமும் காலையில் மீன் கூடையோடு அந்தத் தெருவுக்கு வருகிறவள்.

"பாயம்மா, பத்து வருசமா ஒங்களுக்கு மீன் போடுறேன். செவுளைத் தூக்கிப் பாக்காம ஒரு நா வாங்குனதில்ல. இப்ப எதைக் குடுத்தாலும் சரிங்கிறீங்க. நேத்து ஒங்களுக்குப் பழைய காரல், வேணும்னுதான் போட்டேன். ஒரு வார்த்த கேக்கல. என்ன செய்யுது ஒங்களுக்கு?"

ஜெய்னம்பு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராக்காயி கூடையை இறக்கி வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு கடலோட போனப்பறம் எனக்கும் இப்புடித்தான். குலசாமிக்கு ஆடு வெட்டுனேன், குறி கேட்டேன், ஒண்ணும் ஆகல. பெறகு அறந்தாங்கி ஆசுபத்திரிக்குப் போனேன். வியாழக்கெழம மனசுக்குப் பாக்குற டாக்டரம்மா வருவாங்க. ஒரு வருசம் மாத்திர சாப்புட்டேன். பைத்தியத்துக்குன்னு நெனைக்காதீங்க. நான் பைத்தியமா?"

அன்று மத்தியானம் சாப்பிட வந்த மைதீன் பிச்சையிடம் ஜெய்னம்பு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துக் கழுவிக்கொண்டார்.

"எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. கேட்டா ஒனக்குக் கோவம் வருமோன்னு இருந்துட்டேன். போவோம். ஆனா வெளிய தெரிய வேணாம். பொம்பளப் புள்ளைக ஓத வர்ற வீடு, கண்டதையும் பேசுவாங்க."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் போனார்கள். டாக்டர் ஷர்லிக்கு மகள் வயதுதான் இருக்கும். தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு எல்லாம் விசாரித்தார். தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு, "தொழுறப்ப எப்படிம்மா இருக்கு?" என்றார்.

இந்தக் கேள்வியை ஜெய்னம்பு எதிர்பார்க்கவில்லை. "முன்னாடியெல்லாம் தொழுது எந்திரிச்சா குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கும். இப்ப குனியிறேன், நிமிர்றேன். அவ்வளவுதான். என் ஈமான் போயிருச்சா டாக்டர்?"

"அதை அளக்க எங்கிட்ட கருவி இல்லம்மா. ஆனா ஒங்களுக்கு வந்திருக்கிறது மனச்சோர்வு. அது நோய். ஒடம்பு சரியில்லாதப்ப பிரியாணி கசக்கும், அது பிரியாணியோட தப்பு இல்லையே. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்க. தொழுகையை நிறுத்த வேணாம். நோன்பு மட்டும் இப்போதைக்கு வேணாம், ஒடம்பு ரொம்ப எளச்சிருக்கு."

முதல் மூன்று வாரம் வாய் உலர்ந்ததும் தூக்கம் வந்ததும் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஏமாற்றமாக இருந்தது. ஆறாவது வாரம், ஓதிக்கொண்டிருந்த ஒரு சிறுமி கொட்டாவியும் எழுத்துமாகச் சேர்த்து விசித்திரமாக ஒரு சத்தம் போட, எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. ஜெய்னம்புவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. சிரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

மனம் தெளியத் தெளிய பரீதாவின் ஞாபகம் வந்து அறுத்தது. ஆறு வருடத்துக்கு முன்னால், பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட முழுதாக ஆகாத பரீதாவை அவள் மாமி கூட்டிவந்திருந்தாள். பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று அந்தப் பெண் அழுதாள். "அல்லா குடுத்த நிஃமத்தை, இந்தப் பாக்கியத்தை வச்சுக்கிட்டு அழுறியே, ஈமான்ல கொறை இருக்கு. பாவமன்னிப்புக்கு இஸ்திக்ஃபார் ஓது" என்று சொல்லி அனுப்பினாள் ஜெய்னம்பு. அதற்குப் பிறகு பரீதா அந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போது கோட்டைப்பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

ஒரு நாள் ஜெய்னம்பு தனியாக பஸ் ஏறிப் போனாள். பரீதா மெஷினை நிறுத்தவில்லை.

"வாங்க ராத்தா. சட்டையா, புர்காவா?"

"தைக்க வரலம்மா. அன்னிக்கு ஒங்கிட்ட நான் சொன்னது தப்பு. எனக்கே இப்ப அந்த நோவு வந்துச்சு. மாத்திர சாப்புடுறேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

மெஷின் நின்றது. பரீதா நூலைக் கடித்துத் துண்டித்தாள்.

"நீங்க சொன்னதுக்கப்பறம் ரெண்டு வருசம் நான் முசல்லாவைத் தொடல. அல்லாவுக்கே என்னைய ஆகலங்கிறப்ப எதுக்குத் தொழணும்னு இருந்துட்டேன். எம் புள்ளைக்கு நான் ஒழுங்கா பாலு குடுக்கல. அதெல்லாம் இப்ப திரும்பி வருமா?"

"வராது."

"எங்க அண்ணன்தான் தஞ்சாவூரு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. இப்ப தொழுறேன். நீங்க வந்து சொன்னதுக்காக எனக்கு எல்லாம் மறந்துருச்சுன்னு நெனைக்காதீங்க."

"நெனைக்கல" என்றாள் ஜெய்னம்பு.

பிறகு பரீதா பக்கத்துக் கடையில் டீ சொன்னாள். டீ வந்ததும், "மாத்திரை போட்டா தூக்கம் தூக்குதா? சுபுஹு தப்புதா?" என்று கேட்டாள். ரெண்டு தடவை தப்பியது என்றாள் ஜெய்னம்பு. இரவு சீக்கிரம் போட்டுக்கொள்ளச் சொன்னாள் பரீதா. டீயைக் குடித்துவிட்டு ஜெய்னம்பு பஸ் ஏறினாள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பயானில், புருஷன் வேண்டாம் என்று சொன்னதை மீறி, ஜெய்னம்பு எல்லாவற்றையும் சொன்னாள். பரீதாவின் பேரை மட்டும் சொல்லவில்லை. முப்பது பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அப்ப தொழுதா சந்தோசம் வரும்னு இத்தன வருசம் சொன்னீங்களே, அது பொய்யா உஸ்தாபி?"

ஜெய்னம்பு யோசித்தாள்.

"பொய் இல்ல. எனக்கு வந்துச்சு, அதனால சொன்னேன். பெறகு வரல. அப்பவும் தொழுதேன். வர்றதும் வராததும் எங் கையில இல்ல. சந்தோசம் இல்லாதவங்களுக்கு ஈமான் இல்லைன்னு சொன்னேன் பாருங்க, அதுதான் பொய். அதை இனிமே சொல்ல மாட்டேன்."

கேட்டவளுக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மறுவாரம் மூன்று பிள்ளைகள் ஓத வரவில்லை. மாத்திரை சாப்பிடுகிற பொம்பளையிடம் எதற்கு என்று அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டதாகக் காதில் விழுந்தது. மைதீன் பிச்சை ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், தீரப்போகிற மாத்திரை அட்டையைத் தானே பார்த்துவிட்டு, "வர்ற வியாழக்கெழம போகணும்ல?" என்று கேட்டார்.

இப்போது அவளுக்கு மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. நல்ல நாள்கள் அதிகம். சில நாள் தொழுது எழும்போது அந்தப் பழைய லேசு வருகிறது, சில நாள் வருவதில்லை. போன வாரம் கதவைத் தட்டி, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, அறந்தாங்கிக்கு வியாழக்கிழமை காலையில் எத்தனை மணிக்கு பஸ் என்று விசாரித்தாள் ஒரு பெண். ஆறரைக்கு என்றாள் ஜெய்னம்பு. எதற்கு என்று அவள் கேட்கவில்லை.